நாற்பத்து மூன்றாம் பக்கத்துப் படம் யாருது?

அவருக்கு நல்லதாக ஒரு பெயர் இருக்கிறது. சம்பளப் பட்டியலில் இருக்கிறது, அறைக் கதவில் ஒட்டிய பலகையிலும் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்கள் தொழிற்பயிற்சிக் கல்லூரியில் முதல்வர் தொடங்கி வாசல் காவலாளி வரைக்கும் எல்லோருக்கும் அவர் யாருதக்கா. முகத்துக்கு நேரே வெறும் அக்கா, தலை மறைந்ததும் யாருதக்கா.

காரணம் ரொம்ப எளிது. எதை நீட்டினாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது, "இது யாருது?" என்ற கேள்விதான். அவர் மகள் பள்ளிக்கூடத்துக்காக அட்டையில் யானைப் படம் ஒட்டிக்கொண்டு வந்தபோதும் அதைத்தான் கேட்டாராம். யானையா படமா என்று புரியாமல் குழந்தை அழுதுவிட்டது.

அவரைக் குறை சொல்ல முடியாது, வேலையே அதுதான். எங்கள் கல்லூரி தன் பாடநூல்களை இணையத்தில் சும்மா கொடுக்கிறது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், நகலெடுக்கலாம், திருத்தலாம், வேறு மொழிக்குக் கொண்டுபோகலாம். வாத்தியார்கள் எழுதுவார்கள். நான் பக்கம் அமைப்பேன். இரண்டுக்கும் நடுவில் அக்கா உட்கார்ந்திருப்பார். நூலில் வரும் ஒவ்வொரு படமும் அட்டவணையும் யாருடையது என்று பார்த்து, அடுத்தவருடையது என்றால் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் தூக்க வேண்டும்.

வாத்தியார்கள் எழுதுவார்கள் என்று மரியாதைக்குச் சொன்னேன். பாதியை எழுதுவார்கள், பாதி எங்கிருந்தோ வரும். ஒருமுறை வெல்டிங் வாத்தியாரிடம் ஒரு படத்தைக் காட்டி அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"நெட்ல இருந்து எடுத்தேன்மா."

"சரி சார். நெட்டோட அட்ரஸ் குடுங்க, ஒரு லெட்டர் போட்டுப் பாக்குறேன்."

அனுமதி கிடைக்காத படத்தின் இடத்தில் நான் ஒரு சாம்பல் நிறக் கட்டம் போட வேண்டும் என்பது அக்காவின் உத்தரவு. வெல்டிங் நூலில் மொத்தம் முப்பத்தொரு சாம்பல் கட்டங்கள். அந்த நூலைப் புரட்டினால் ஆள் குடியில்லாத அடுக்குமாடிக் கட்டடத்தைப் பார்ப்பதுபோல இருக்கும். வெல்டிங் வாத்தியார் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. கட்டம் போட்டவன் நான்தானே.

அக்கா பிறவியிலேயே இப்படி இல்லை. மூன்று வருடம் முன்னால் தையல் பாடநூலில் ஒரு படம். "என் தங்கச்சி வரைஞ்சதும்மா, சத்தியமா" என்றார் அந்தத் துறை டீச்சர். அக்கா நம்பி விட்டுவிட்டார். தங்கை வரையவில்லை. வரைந்தவர் வக்கீல் வைத்துக் கடிதம் அனுப்பினார். முதல்வர் பயந்துபோய் ஒரு மணி நேரத்தில் மொத்த நூலையும் இணையத்திலிருந்து இறக்கினார். தேர்வுக்கு எட்டு நாள் இருந்தது. போனில் மட்டுமே படித்துக்கொண்டிருந்த பெண்கள் எங்கள் அறை வாசலில் வந்து நின்றார்கள். அன்றைக்கு அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் யாருதக்கா ஆனார்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், அக்காவின் கணவர் கல்லூரிக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். உரிமை கேட்டு உலகத்துக்கே கடிதம் எழுதுகிறவர், தெருவைத் தாண்டினால் நகல் எடுக்கிறவரின் மனைவி. மதியம் இவர் கடைக்குள் நுழைந்ததும் அங்கே வரிசையில் நிற்கிற மாணவர்கள் கையில் இருப்பதைப் பின்னால் ஒளித்துக்கொள்வார்கள். மனுஷனுக்கு இவர் போட்ட சட்டம், ஒரு புத்தகத்தில் ஒரு பாடத்துக்கு மேல் போடக்கூடாது. "ஏம்ப்பா, நான் என்ன கடை நடத்துறேனா இல்ல கோர்ட்டு நடத்துறேனா" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்பார். எனக்கெதற்கு வம்பு என்று நான் தெருவைப் பார்ப்பேன்.

இந்த ஆண்டு வந்து சேர்ந்தது குழாய் வாத்தியாரின் நூல். இருபத்தாறு ஆண்டு குழாய் வேலை கற்றுத்தந்தவர். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், எல்லாப் படமும் தானே அளவுகோல் வைத்து வரைந்தவை. அக்கா ஒவ்வொன்றாக "யாருது, யாருது" என்று கேட்க, "என்னுது, என்னுது" என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். அதைக் கேட்கக் கேட்க அக்காவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். நாற்பத்து மூன்றாம் பக்கம் வந்தது.

"இது யாருது?"

வாத்தியார் பையிலிருந்து ஒரு கந்தல் புத்தகத்தை எடுத்து வைத்தார்.

அது கை கழுவும் தொட்டிக்குக் கீழே குழாய் மாட்டும் முறையைக் காட்டும் படம். தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் ஒரு வளைவு வளைந்துபோகும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்று சாக்கடை நாற்றத்தை மேலே வரவிடாமல் தடுக்கும். பக்கத்தில் காற்று போய்வர ஒரு குழாய் கூரைவரை ஏறும். வாத்தியார் மாணவராக இருந்தபோது கிடைத்த பழைய கையேட்டில் வந்த படம் அது. கையேட்டுக்கு அட்டை இல்லை, முதல் எட்டுப் பக்கம் இல்லை, வரைந்தவர் பெயரும் இல்லை. அவருக்குப் பாடம் சொன்னவரும் அதே படத்தை வைத்துத்தான் சொன்னாராம்.

"இருபத்தாறு வருஷமா இதைப் போர்டுல மாட்டித்தான் நடத்துறேன். யாரும் ஏன்னு கேக்கலையேம்மா."

"வகுப்புக்குள்ள காட்டலாம் சார், அதுக்குச் சட்டத்துல விலக்கு இருக்கு. இப்ப நாம வகுப்புக் கதவையே கழட்டிட்டோமே. உலகத்துக்கே குடுக்குறோம், இஷ்டத்துக்கு மாத்திக்கோன்னு வேற சொல்றோம். அடுத்தவங்க பொருளை எடுத்து வச்சுக்கிட்டு நாம எப்படி அப்படிச் சொல்றது?"

வாத்தியாருக்கு அந்த மாதக் கடைசியில் ஓய்வு. எங்கள் கல்லூரி விதிப்படி, வேலையில் இருக்கிறவர் பெயரில்தான் நூல் இணையத்தில் ஏறும். அதற்குள் ஏறாவிட்டால் கோப்பு அப்படியே அடுத்து வருகிறவரின் மேசைக்குப் போய்விடும், அட்டையில் அவர் பெயர் வரும். வாழ்க்கையில் அவர் எழுதிய ஒரே நூல். கையில் இருந்தது இருபத்தொரு நாள்.

அக்கா தேடினார். சும்மா சொல்லக்கூடாது, சல்லடை போட்டுத் தேடினார். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு அச்சகத்தின் முகவரி மங்கலாக இருந்தது. அதற்குக் கடிதம் போட்டார். அச்சகம் எந்தக் காலத்திலோ மூடி, இப்போது அங்கே மெத்தைக் கடை. மெத்தைக் கடைக்காரர் தனக்கு எந்த ஆட்சேபனையும் இல்லை, படத்தைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையோடு பதில் எழுதியிருந்தார். அக்கா அதையும் கோப்பில் வைத்துக்கொண்டார்.

"நீங்களே புதுசா ஒண்ணு வரைஞ்சிடுங்க சார்."

"வரைஞ்சு பாத்தேன்மா."

மூன்று தடவை வரைந்திருந்தார். மூன்றும் அச்சு அசல் பழைய படம். பழைய படத்தின் மூலையில் மசி சிந்திய ஒரு பொட்டு உண்டு, அதுகூட இருந்தது.

"சார், இது நகல்."

"கண்ணை மூடினாலும் அதுதான் தெரியுது. நான் என்ன பண்ண?"

கட்டம் போட்டுவிடலாமா என்று நான் கேட்டேன். உதவி செய்கிற எண்ணத்தில்தான் கேட்டேன். வாத்தியார் என்னைப் பார்த்த பார்வையில் நான் கணினிக்குப் பின்னால் போய்விட்டேன்.

பதினொரு நாள் மிச்சம் இருக்கும்போது ஒரு காலையில் அக்கா சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். முகத்தில் தெளிவு இருந்தது.

"ஒரு வழி இருக்கு சார். நீங்க திட்டணும்."

"யாரை?"

"படத்தை. ஒரு படத்தை விமர்சனம் பண்றதுக்காக எடுத்துக் காட்டினா, அதுக்கு விலக்கு இருக்கு. யாருகிட்டயும் கேக்க வேண்டாம். இந்த ஒரு படத்தை மட்டும் யாரும் மாத்தக் கூடாதுன்னு கீழ போட்டுக்கலாம். ஆனா நிஜமான விமர்சனமா இருக்கணும். பேருக்கு ரெண்டு வரி எழுதி என்னை ஏமாத்தக் கூடாது."

ஆனால் படத்தின் மேல் வாத்தியாருக்கு அவ்வளவு பக்தி. மறுநாள் அவர் கொண்டுவந்த விமர்சனம் இப்படித் தொடங்கியது: 'இப்படம் ஈடு இணையற்றது. ஆயினும் எழுத்துகள் சற்றே சிறியவை.' அக்கா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது விமர்சனம் இல்ல சார், வாழ்த்து மடல்."

அடுத்த நாள் 'கோடுகள் சற்றே மெல்லியவை' என்று ஒரு வரி கூடியிருந்தது. அக்கா அதையும் திருப்பினார். படத்தின் விஷயத்தைத் தொட்டுப் பேச வேண்டுமாம். வாத்தியார் படத்தைப் பெரிதாக அச்சடித்துத் தரச் சொல்லி, எங்கள் அறைச் சுவரில் ஒட்டி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் அப்படியே உட்கார்ந்திருந்தார். பெண் பார்க்க வந்தவர்கூட அவ்வளவு நேரம் பார்க்க மாட்டார். குறை ஒன்றும் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் அறைக்குப் பக்கத்துக் கழிப்பறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது நாறும். பதினைந்து வருடமாக நாறுகிறது. அதன் தொட்டிகளுக்குக் குழாய் மாட்டியது வாத்தியாரின் மாணவர்கள்தான், செய்முறைப் பயிற்சிக்காக. சரியாகச் சுத்தம் செய்யாததால்தான் நாறுகிறது என்பது கல்லூரியின் முடிவு. அதற்காக ஆயாம்மாவுக்கு எத்தனையோ முறை, வந்த புகாரையும் சேர்த்து, விளக்கம் கேட்டுக் கடிதம் போயிருக்கிறது. ஆயாம்மா என்றால் எங்கள் கட்டடத்தைப் பெருக்கித் துடைப்பவர். புகார் எழுதியவர்களில் நானும் ஒருவன். இரண்டு முறை எழுதியிருக்கிறேன், இரண்டாவது முறை கொஞ்சம் காரமாகவே.

மூன்றாம் நாள் ஆயாம்மா துடைத்துக்கொண்டே வந்து வாத்தியாரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"காலைத் தூக்குங்க சார். என்ன, நம்ம பாத்ரூம் குழாயைப் போட்டோ புடிச்சு மாட்டிருக்கீங்க?"

"இது பழைய கையேட்டுப் படம்மா" என்றேன் நான். "இதுல என்ன தப்புன்னு சார் தேடிக்கிட்டு இருக்காரு. கிடைக்க மாட்டேங்குது."

"தப்பு கிப்பெல்லாம் எனக்குத் தெரியாது. காலையில தொட்டியில தண்ணி ஊத்தினேன்னா நாத்தம் நின்னுடும். மேல் மாடியில யாராவது ஒரு பக்கெட்டைக் கவுத்தாப் போதும், இந்த வளைவுல நிக்கிற தண்ணி களக்குன்னு உறிஞ்சிக்கிட்டுப் போயிடும். தண்ணி போனா நாத்தம் வரத்தானே செய்யும். உறிஞ்சாம இருக்கத்தான் காத்துக் குழாய்னு மாட்டின பசங்க சொன்னாங்க." துடைப்பத்தின் கைப்பிடியால் படத்தைத் தொட்டுக் காட்டினார். "உறிஞ்சுறது வளைவுக்கு அந்தப் பக்கம், சாக்கடைப் பக்கம். காத்துக் குழாயைக் கொண்டாந்து இந்தப் பக்கம், தொட்டிப் பக்கம் வச்சிருக்கு. அப்புறம் எப்படி?"

அக்கா எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"இதை ஏம்மா இத்தனை நாள் சொல்லல?" என்று வாத்தியார் கேட்டார்.

"சொன்னேனே சார், மாட்டின வருஷமே. கழுவுற வேலையைப் பாரும்மான்னீங்க."

உடனே சோதனை நடந்தது. என்னைப் பக்கெட்டோடு மேல் மாடிக்கு அனுப்பினார்கள். நான் கவிழ்த்துவிட்டு மூச்சிரைக்க இறங்கி வந்தபோது, வாத்தியார் தொட்டிக்கு அடியில் தரையில் உட்கார்ந்து, வளைவில் காதை வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அக்கா டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். முடிவை நாற்றமே சொல்லிவிட்டது.

"ஆயிரம் பசங்களுக்கு மேல சொல்லிக் குடுத்திருக்கேன்" என்றார் வாத்தியார், எழுந்திருக்காமலே.

அந்த மனுஷனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அக்காவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அறைக்குத் திரும்பியதும் நான் நினைத்துக்கூடப் பார்க்காத ஒன்றைச் சொன்னார்.

"சார், இனிமே அந்தப் படமே நமக்கு வேண்டாம். காத்துக் குழாயை அந்தப் பக்கம் வச்சு, உங்க வழியில புதுசா ஒண்ணு வரைஞ்சிடுங்க. அது உங்க சொந்தப் படம். நானும் கேள்வி கேக்க மாட்டேன். பழைய படத்தைப் பத்தி ஒரு வார்த்தை எழுத வேண்டாம். புத்தகம் நாளைக்கே ஏறிடும்."

அதாவது, யாருக்கும் தெரியவே தெரியாது. அக்கா அந்த வரியை மட்டும் சொல்லவில்லை. ஆறு நாள் மிச்சம் இருந்தது. மரியாதையாக ஓய்வு பெற்றுப் போக அருமையான வழி. நானாக இருந்தால் அந்த நிமிடமே பென்சிலை எடுத்திருப்பேன்.

வாத்தியார் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"இல்லம்மா. பழசும் வேணும். எங்கிட்டப் படிச்சவன் எல்லாம் வீடு வீடா இதைத்தான் மாட்டிருப்பான். புதுப் படத்தை மட்டும் பாத்தா, அவன் இது வேற ஏதோன்னு போயிடுவான். அவன் படிச்ச படத்தைப் பாத்தாத்தான், ஐயோ நான் மாட்டினதாச்சேன்னு நிப்பான்."

மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பத்திதான். இந்தப் படத்தை இருபத்தாறு ஆண்டுகள் பாடமாக நடத்தினேன், இது தவறு என்று முதல் வரி. எது தவறு, ஏன் தவறு, மாட்டிய இடங்களில் எப்படித் திருத்துவது என்று அடுத்தடுத்த வரிகள். கீழே அவரே வரைந்த சரியான படம். இந்த முறை மசிப் பொட்டு இல்லை. அக்கா மெதுவாகப் படித்தார். விமர்சனத்துக்கான விலக்குக்கு இதைவிடப் பொருத்தமாக எதுவும் தன் மேசைக்கு வந்ததில்லை என்றார். பேனாவை எடுத்துச் சரி என்று குறிக்கப் போனவர் நிறுத்தினார்.

"இது யாருது?"

எனக்கே கோபம் வந்தது. "அக்கா, போதும்க்கா" என்றேன்.

"எழுத்து சாருது. அது தெரியுது. கண்டுபிடிச்சது?"

தாழ்வாரத்தில் துடைப்பம் தரையில் உரசும் சத்தம் கேட்டது. வாத்தியார் அந்தப் பக்கம் திரும்பினார்.

"ஒருத்தர் யோசனையை எடுத்துக்கச் சட்டப்படி அனுமதி வேண்டாம்" என்றார் அக்கா. "அது எனக்கும் தெரியும். பேர் போடக் கூடாதுன்னும் எந்தச் சட்டமும் சொல்லல."

"போடணும்மா. கண்டிப்பாப் போடணும்" என்றார் வாத்தியார். "தம்பி, எழுதிக்கப்பா. பிழையைக் கண்டறிந்தவர்..."

நான் தட்டச்சு செய்துவிட்டுக் காத்திருந்தேன். வாத்தியார் அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார். வரைந்தவர் பெயர் தெரியவில்லை என்று மெத்தைக் கடைவரை கடிதம் போட்ட அறை அது. தினமும் எங்கள் காலடியைத் துடைத்துவிட்டுப் போகிறவரின் பெயர் எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. என் இரண்டு புகாரிலும் துப்புரவுப் பணியாளர் என்றுதான் எழுதியிருந்தேன். வெட்கமாக இருந்தது.

அக்காவே எழுந்து போய் அவரைக் கூட்டிவந்து, தன் நாற்காலியில் உட்காரவைத்து, விவரம் சொல்லி, பெயரைக் கேட்டார்.

ஆயாம்மா பெயரைச் சொன்னார். "அப்பா பேரோட முதல் எழுத்தையும் போடுங்க தம்பி, முன்னால" என்றார். நான் போட்டேன். பெயர் போடச் சம்மதம் என்று ஒரு தாளில் அக்கா கையெழுத்து வாங்கினார். அது அக்காவின் சுபாவம், அதை யாரும் மாற்ற முடியாது. வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார்.

"பதினஞ்சு வருஷமா உங்களைத் திட்டினது என் தப்பும்மா. மன்னிச்சிடுங்க."

"சரி சார். அந்தக் குழாயை எப்ப மாத்துறீங்க?"

அடுத்த நாளே மாற்றினார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தானே படுத்து, தானே அறுத்து மாட்டினார். ஓய்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது நூல் இணையத்தில் ஏறியது, அவர் பெயரோடு. ஒரு சாம்பல் கட்டம்கூட இல்லை. அந்த வாரமே பழைய மாணவர்கள் போன் செய்யத் தொடங்கிவிட்டார்கள். ஒருவன் தன் மாமனார் வீட்டிலேயே அப்படி மாட்டி, நாற்றத்துக்காகப் பத்து வருடமாக மாமியாரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தானாம்.

ஆயாம்மாவுக்குப் போனில் பார்த்துத் திருப்தி இல்லை, தாளில் வேண்டும் என்றார். அக்கா அந்தப் பக்கத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு அவரைத் தெருவுக்கு எதிரே கூட்டிப்போனார். வேடிக்கை பார்க்க நானும் போனேன். கடையில் அக்காவின் கணவர் தாளை வாங்கினார். இயந்திரத்தின் மூடியைத் தூக்கியவர், பழகிப்போன பயத்தோடு மனைவியைப் பார்த்தார்.

"ஏம்மா, இது யாருது?"

"இவங்களுது" என்றார் அக்கா. "எத்தனை வேணும்னாலும் போடுங்க."

மூன்று வருடத்தில் அந்த வார்த்தையை மனுஷன் கேட்டதே இல்லை. எத்தனை என்று ஆயாம்மாவிடம் கேட்டார்.

"நாப்பத்தொண்ணு."

"அது என்னம்மா கணக்கு?" என்றேன் நான்.

"என்மேல வந்த புகார் லெட்டர் நாப்பது. எல்லாத்தையும் எண்ணித்தான் வச்சிருக்கேன். எழுதினவங்களுக்கு லெட்டருக்கு ஒண்ணு. மிச்சம் ஒண்ணு எனக்கு."

இயந்திரம் ஓடத் தொடங்கியது. சூடாக வந்து விழுந்த முதல் இரண்டு தாளை எடுத்து, ஓரம் தட்டிச் சேர்த்து, அவர் என் கையில் கொடுத்தார்.